பல் கூச்சமும் அதற்கான பேஸ்ட்டும்: பாலக்கோடு மருந்துக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் மருந்துக் கடை நடத்தும் மருந்தாளுநர் என்ற முறையில், பல் கூச்சத்துக்குப் பேஸ்ட் கேட்டு வருவோரிடம் ஒரே விளக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். சந்தை நாளில் கூட்டம் நெருக்கும்போது அது பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, பதில்களை இங்கே முழுமையாகத் தொகுத்திருக்கிறேன். நான் பல் மருத்துவர் அல்லன். எந்தக் கட்டத்தில் பேஸ்ட்டை நம்பியிராமல் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் அதனால் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

பல்லு கூசுதுன்னா உள்ள என்னதான் நடக்குது?

பல்லின் மேலே இருக்கும் எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. அதற்குள் இருக்கும் டென்டின் என்ற அடுக்கில், கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஒரு சதுர மில்லிமீட்டருக்குப் பல்லாயிரம் என்ற கணக்கில் இருக்கின்றன. அவற்றில் ஒரு திரவம் நிறைந்திருக்கிறது. அவற்றின் மறுமுனை பல்லின் நடுவே நரம்பு இருக்கும் பகுதியைத் தொடுகிறது. எனாமல் தேய்ந்தோ, ஈறு கீழிறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரிந்தோ இந்தக் குழாய்களின் வாய் திறந்துகொண்டால், குளிர்ந்த தண்ணீரோ காற்றோ இனிப்போ பட்டதும் உள்ளிருக்கும் திரவம் சட்டென்று நகர்கிறது. அந்த நகர்வைத்தான் நரம்பு கூச்சமாக உணர்கிறது. சுவீடனைச் சேர்ந்த பிரான்ஸ்ட்ரோம் என்ற பல் ஆய்வாளர் 1960-களில் நிறுவிய இந்த விளக்கமே இன்றும் பெரும்பாலும் ஏற்கப்படுகிறது.

சூட்டைவிடக் குளிர்ச்சிக்கு அதிகம் கூசுவதற்கும் இதுவே காரணம். குளிர் பட்டால் திரவம் நரம்பை விட்டு வெளிப்புறமாக ஓடுகிறது; அந்த ஓட்டம்தான் நரம்பைக் கூடுதலாகச் சீண்டுகிறது. மார்கழியில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் விடியற்காலையில் இருசக்கர வண்டியில் போகிறவர்கள் வாயைத் திறந்தாலே கூசுகிறது என்பது மிகையன்று. பல்லின் மேல் படும் காற்று அந்தத் திரவத்தை உலர்த்தி வெளியே இழுக்கிறது.

சாதா பேஸ்ட்டுக்கும் கூச்சத்துக்குன்னு விக்கிற பேஸ்ட்டுக்கும் என்னங்க வித்தியாசம்? விலைதானே?

விலை மட்டுமில்லை. கூச்சத்துக்கான பேஸ்ட்டுகள் இரண்டு வழிகளில் வேலை செய்கின்றன. ஒரு வகை நரம்பை அமைதிப்படுத்துகிறது. அதில் இருப்பது பொட்டாசியம் நைட்ரேட். பெரும்பாலும் 5 சதவீதம். நரம்பு ஒரு தடவை சமிக்ஞை அனுப்பிய பிறகு அடுத்ததற்குத் தயாராக, தன்னுள் இருக்கும் பொட்டாசியத்தை வெளியே விட வேண்டும். வெளியே ஏற்கெனவே பொட்டாசியம் செறிந்திருந்தால் அதனால் தயாராக முடிவதில்லை. பட்டாசுக்குப் போடும் வெடியுப்பும் இதுவும் ஒன்றுதான் என்று கேள்விப்பட்டுச் சிலர் பயந்து டியூபைத் திருப்பித் தருகிறார்கள். இந்த அளவில், துலக்கித் துப்பும் முறையில் அதனால் கெடுதல் இல்லை.

மற்ற வகை, திறந்திருக்கும் குழாய்களின் வாயையே அடைக்கிறது. ஸ்ட்ரான்சியம் உப்புகள், ஸ்டானஸ் ஃபுளோரைடு, கால்சியம் கார்பனேட்டுடன் சேர்ந்த ஆர்ஜினின், கால்சியம் சோடியம் பாஸ்போசிலிக்கேட் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. சாதாரண பேஸ்ட்டில் ஃபுளோரைடு இருந்தால் எனாமலுக்கு வலு சேரும். கூச்சத்துக்கென்று தனியாக ஒன்றும் இருக்காது.

அட்டைப்பெட்டியில எதைப் பார்த்து வாங்கணும்?

முன்பக்கம் இருக்கும் படத்தையும் பெரிய எழுத்தையும் விட்டுவிட்டு, பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் உட்பொருள் பட்டியலைப் பாருங்கள். முந்தைய பதிலில் சொன்ன பெயர்களில் ஒன்று அங்கே இருக்க வேண்டும். ‘கூச்சத்தைக் குறைக்கும்’ என்று எழுதிவிட்டு உள்ளே அவற்றில் ஒன்றுமே இல்லாத டியூபுகளும் சந்தையில் இருக்கின்றன. ‘வெண்மை’ என்று விற்கப்படுபவற்றைக் கூச்சமுள்ளவர்கள் தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கறையைத் தேய்த்து எடுக்க அவற்றில் சேர்க்கப்படும் உராய்வுப் பொருள் தேய்ந்த இடத்தை மேலும் தேய்க்கக்கூடும்.

விலை கூடிய டியூப் விரைவில் கேட்கும் என்பதில்லை. ஒரே உட்பொருள் ஒரே அளவில் இருந்தால் விலை குறைந்ததையே வாங்குங்கள். காலாவதித் தேதியை மட்டும் மறக்காமல் பாருங்கள்.

நாலு நாள் தேய்ச்சேன், ஒண்ணும் கேக்கல. வேற பேஸ்ட் குடுங்க.

இந்தக் கடையில் நான் அதிகமாகக் கேட்டது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். நாலு நாளில் பேஸ்ட்டை மாற்றுவது, முளை விடுமுன் விதையைத் தோண்டிப் பார்ப்பது போன்றது. பொட்டாசியம் நைட்ரேட் நுண்குழாய்கள் வழியே உள்ளே போய் நரம்பைச் சுற்றிச் சேர வேண்டும். அதற்கு நாள்தோறும் இரண்டு வேளை துலக்கியும் இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகின்றன. குழாயை அடைக்கும் வகைகளில் சிலவற்றுக்கு முதல் சில நாட்களிலேயே மாற்றம் தெரியலாம். ஆனால் அந்த அடைப்பும் தொடர்ந்து துலக்கினால்தான் நிலைக்கும்.

பொட்டாசியம் நைட்ரேட்டைப் பற்றிய ஆய்வுகள் அனைத்தும் ஒரே முடிவைச் சொல்லவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்கு அரைகுறையாகக் கேட்கிறது. ஆகவே ஒரு வகையை நான்கு வாரம் ஒழுங்காகப் பயன்படுத்தியும் பயனில்லையென்றால், அடுத்து வாங்குவது மற்றொரு வகையாக இருக்க வேண்டும். வேறு பெயரில் அதே உட்பொருளை வாங்குவதில் பொருளில்லை.

எப்படித் தேய்க்கணும்? நல்லா அழுத்தித் தேய்ச்சாத்தானே உள்ள இறங்கும்?

அழுத்தித் தேய்த்ததால்தான் பலருக்குக் கூச்சமே வந்திருக்கிறது. நாரே வெளிப்புறமாக வளைந்து போன பிரஷ்ஷைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். ஈறோரத்தில் பல் ஆப்பு வடிவத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. மென்மையான நார் உள்ள பிரஷ்ஷை வாங்கி, அதை ஈறோரத்தில் சற்றே சாய்த்து வைத்து, சிறு வட்டமாக, அழுத்தம் கொடுக்காமல் இரண்டு நிமிடம் துலக்குங்கள். காலை ஒரு வேளை, இரவு படுக்கப் போகும் முன் ஒரு வேளை. இரவு வேளையை விடக் கூடாது. தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரப்பதால் மருந்து பல்லில் நீண்ட நேரம் தங்குகிறது.

துலக்கி முடித்ததும் நுரையைத் துப்புங்கள். சொம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு பலமுறை கொப்புளிப்பது நம் பழக்கம். அப்படிச் செய்தால் மருந்து முழுவதும் தொட்டிக்குள் போய்விடும். வாய் ஒருமாதிரி இருக்கிறது என்றால் ஒரே ஒரு மிடறு தண்ணீரில் கொப்புளித்து நிறுத்திக்கொள்ளலாம்.

விரல்ல எடுத்து கூசுற இடத்துல தடவிட்டுப் படுத்துக்கலாமா?

ஆர்ஜினின் உள்ள பேஸ்ட்டுக்கு, கூசும் இடத்தில் விரல் நுனியால் ஒரு நிமிடம் மெல்லத் தேய்க்கலாம் என்று தயாரிப்பாளரே சொல்வதுண்டு. மற்றவற்றையும் இரவில் துலக்கிய பிறகு சிறிதளவு தடவலாம் என்று பல் மருத்துவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் இது துலக்குவதற்குப் பதிலாகாது. ஈறோரத்தில் அழுக்கு படிந்திருக்க, அதன் மேல் மருந்தைத் தடவினால் அது குழாயின் வாயை எட்டாது.

ஒரே ஒரு கடவாய்ப்பல்லுதான் கூசுது. ராத்திரியெல்லாம் விண்ணுவிண்ணுன்னு இருக்கு. எந்தப் பேஸ்ட் நல்லது?

எந்தப் பேஸ்ட்டும் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டுமே படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். பேஸ்ட்டுக்குக் கட்டுப்படும் கூச்சம், குளிர் பட்டதும் சுருக்கென்று வந்து, அது விலகிய சில நொடிகளில் மறைந்துவிடும். பெரும்பாலும் பல பற்களில் இருக்கும். குளிர் நீங்கிய பிறகும் வலி அரை நிமிடத்துக்கு மேல் நீடிப்பது, ஒன்றுமே படாதபோது தானாக வலிப்பது, இரவில் வலியால் விழிப்பது, சூடான காபிக்கு வலி கூடுவது ஆகியவை சொத்தை நரம்பை எட்டிவிட்டதற்கான அடையாளங்கள். கடிக்கும்போதோ, கடித்ததை விடும்போதோ ஒரு பல் மட்டும் சுரீரென்றால், அதில் விரிசல் இருக்கலாம்.

இவற்றுக்குப் பேஸ்ட்டை வாங்கி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள், அடைத்துச் சரிசெய்திருக்கக் கூடிய பல்லை வேர் சிகிச்சைக்கோ பிடுங்குவதற்கோ கொண்டுபோய் விடுகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பல் மருத்துவரைப் பார்க்கலாம். கன்னம் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, வாயைத் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

எங்க தாத்தா சாகற வரைக்கும் வேப்பங்குச்சிதான். அவருக்கு ஒண்ணும் வரலையே?

குச்சியின் நுனியை நன்றாக மென்று நாராக்கி, மெதுவாகத் துலக்கியவர்களுக்குப் பெரிய கெடுதல் இல்லை. மெல்லாத குச்சியை வைத்துப் பல்லின் குறுக்கே இழுத்தவர்களுக்கு ஈறு இறங்கியிருக்கிறது. தாத்தாவின் காலத்தில் கேழ்வரகுக் களி மூன்று வேளையும் இருந்தது. குளிர்பானப் பாட்டில் இல்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

உண்மையில் கெடுதல் செய்வது செங்கல் தூள், அடுப்புச் சாம்பல், கரித்தூள், கல்லுப்பு ஆகியவற்றை விரலில் எடுத்துத் தேய்ப்பதுதான். இப்போது கரி என்று கறுப்பு டியூபிலும் விற்கிறார்கள். கூச்சத்துக்கான பேஸ்ட்டை இரவில் போட்டுவிட்டுக் காலையில் சாம்பலால் தேய்த்தால், ஒரு கையால் அடைத்ததை மறுகையால் திறந்துவிடுகிறீர்கள்.

புளியும் மாங்காயும் தின்னாத்தான் கூசுது. தின்னுட்டு உடனே பல்லு விளக்கிட்டா சரியாயிடுமா?

உடனே துலக்குவதுதான் கூடாது. புளிப்பு பட்டதும் எனாமலின் மேற்பரப்பு சற்று இளகுகிறது. அமிலத்தன்மையைக் குறிக்கும் pH அளவு (அது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே போனால் அது கரையத் தொடங்குகிறது. வேர்ப்பகுதி அதைவிடக் குறைந்த புளிப்பிலேயே கரையும். இளகிய மேற்பரப்பில் பிரஷ் பட்டால் தேய்மானம் கூடுகிறது. வெறும் தண்ணீரில் கொப்புளித்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். எச்சில் அதற்குள் புளிப்பைச் சமன்செய்துவிடும்.

புளியமரமும் மாந்தோப்புமாக இருக்கும் நம் பக்கத்தில் புளிப்பை விட்டுவிடுங்கள் என்று சொன்னால் ஒருவரும் கேட்கப்போவதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. புளிக்குழம்பு சோற்றோடு சேர்ந்து விரைவாக உள்ளே போய்விடுவதால் அதனால் அவ்வளவு கெடுதல் இல்லை. மாங்காயை மிளகாய்ப்பொடி தொட்டுக்கொண்டு மதியம் முழுவதும் கொறிப்பதும், புளி உருண்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வதும், குளிர்பானத்தை வாய் வாயாக ஒரு மணி நேரம் குடிப்பதும்தான் பல்லைத் தேய்க்கின்றன. தின்பதை ஒரே தடவையில் தின்று முடியுங்கள்.

கிராம்புத் தைலம் வெச்சா உடனே கேக்குதே, அப்புறம் எதுக்குப் பேஸ்ட்?

கிராம்பில் இருக்கும் யூஜினால் கொஞ்ச நேரத்துக்கு மரத்துப்போகச் செய்கிறது, அவ்வளவுதான். திறந்த குழாய் திறந்தபடியே இருக்கும். தைலத்தை நீர்க்காமல் அடிக்கடி வைத்து ஈறு வெந்து வருபவர்களும் உண்டு.

நம்ம ஊரு தண்ணியிலயே ஃபுளோரைடு ஜாஸ்தி. பேஸ்ட்டுலயும் ஃபுளோரைடு இருந்தா பல்லு இன்னும் கெட்டுப்போகாதா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இது நியாயமான பயம். இங்கே பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கரைந்து வருகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீர் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகள் இம்மாவட்டங்களில் நிறைய இருந்ததால்தான், ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கட்டி 2013-இல் தொடங்கினார்கள். அந்தத் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுதியால் பல்லிலும் எலும்பிலும் வரும் பாதிப்பு) தணிப்பு என்பதும் இருக்கிறது.

ஆனால் பல்லில் கறையும் குழியும் விழுவது, ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள், ஃபுளோரைடு அதிகமாக வயிற்றுக்குள் போவதால்தான். முளைத்து முடிந்த பல்லில் வெளியிலிருந்து படும் ஃபுளோரைடு அந்தக் கறையை உண்டாக்காது. எனாமலைக் கடினமாக்கவே செய்யும். கணக்கும் போட்டுப் பாருங்கள். அழகுப் பொருளாக விற்கப்படும் பற்பசையில் ஃபுளோரைடு 1000 பி.பி.எம்.-ஐ (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) தாண்டக் கூடாது என்பது விதி. அப்படியென்றால் 1 கிராம் பேஸ்ட்டில் 1 மில்லிகிராம். அதிலும் பெரும்பகுதியைத் துப்பிவிடுகிறோம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள கிணற்று நீரை ஒரு நாளில் 3 லிட்டர் குடிப்பவருக்கு அதன் வழியே மட்டும் 9 மில்லிகிராம் போகிறது.

ஆகவே துப்பத் தெரிந்த பெரியவர்கள் ஃபுளோரைடு பேஸ்ட்டை நிறுத்துவதால் ஒரு லாபமும் இல்லை. குடிக்கவும் சமைக்கவும் ஆழ்துளைக் கிணற்று நீரை விட்டு ஒகேனக்கல் நீருக்கோ ஆர்.ஓ. நீருக்கோ மாறுவதுதான் லாபம். காய்ச்சினால் ஃபுளோரைடு போய்விடும் என்று நம்புகிறார்கள். நீர் ஆவியாகப் போவதால் மிச்சத்தில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஒப்பவில்லையென்றால், ஃபுளோரைடு சேர்க்காமல் பொட்டாசியம் நைட்ரேட் மட்டும் உள்ள பேஸ்ட்டுகளும் கிடைக்கின்றன. ஆனால் சொத்தைக்கு எதிரான காப்பு அவற்றில் கிடைக்காது.

சின்ன வயசுலேர்ந்து பல்லுல பழுப்புக் கறை. இந்தப் பேஸ்ட்டுல போயிடுமா? கல்யாணம் வருது.

போகாது. அந்தக் கறை எனாமலுக்குள்ளேயே இருப்பதால் எந்தப் பேஸ்ட்டாலும் அதைத் தேய்த்து எடுக்க முடியாது. கறை மட்டுமின்றிக் குழி விழுந்து எனாமல் பெயர்ந்திருந்தால் அந்த இடத்தில் கூச்சமும் இருக்கும். அந்தக் கூச்சத்துக்கு மட்டும் பேஸ்ட் ஓரளவு உதவும். கறைக்குப் பல் மருத்துவர் வெளுப்பு சிகிச்சையோ, மேற்பரப்பை மெல்லச் சீவுவதோ, பல்லின் நிறத்தில் பூச்சோ செய்வார்.

வெளுப்பு சிகிச்சை தற்காலிகமாகக் கூச்சத்தை உண்டாக்கும் என்பதால், செய்வதற்கு இரண்டு வாரம் முன்பே பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட்டைத் தொடங்குவது நல்லது. அதனால்தான் முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் வந்து நிற்காதீர்கள் என்று சொல்கிறேன்.

பிள்ளைக்கு ஒம்பது வயசு, அதுவும் கூசுதுங்குது. நாங்க போடறதையே குடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட்டை 12 வயதுக்குக் கீழே மருத்துவர் சொல்லாமல் பயன்படுத்தக் கூடாது. அந்த வயதில் கூச்சம் என்றால் சொத்தையோ, முளைக்கும்போதே எனாமல் சரியாக உருவாகாத பல்லோ காரணமாக இருக்கலாம்; இரண்டையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். சாதாரண ஃபுளோரைடு பேஸ்ட்டே மூன்று வயது வரை அரிசி அளவும், அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவும்தான். துப்புகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். விழுங்கக் கூடாததன் காரணத்தை முன்னே தண்ணீர் பற்றிய பதிலில் சொல்லியிருக்கிறேன்.

மாசமா இருக்கேன், தினமும் வாந்தி. பல்லெல்லாம் கூசுது. போடலாமாண்ணா?

துலக்கித் துப்பும் பேஸ்ட்டால் குழந்தைக்குத் தீங்கில்லை. கூச்சத்துக்குக் காரணம் வாந்தியோடு வரும் வயிற்று அமிலம். வாந்தி எடுத்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கலந்து கொப்புளியுங்கள். புளிப்புக்குச் சொன்ன அரை மணி நேர விதி இதற்கும் பொருந்தும். நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் உள்ள மற்றவர்களும் இப்படியே செய்யலாம்.

கிட்னி பேஷண்ட்டுக்குப் பொட்டாசியம் ஆகாதுன்னு சொல்லியிருக்காங்களே?

துப்பிவிடும் பேஸ்ட்டிலிருந்து உடலுக்குள் போவது மிகச் சொற்பம். இருந்தாலும் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் சிறுநீரக மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்; குழாயை அடைக்கும் வகையை வாங்கினால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

கிளீனிங் பண்ண பிறகுதான் கூச்சமே வந்துச்சு. மெஷின் வெச்சுப் பல்லைத் தேய்ச்சுட்டாங்களா?

அந்தக் கருவி அதிர்வால் கல் போன்ற காரையைப் பெயர்த்து எடுக்கிறது. முறையாகச் செய்தால் பல்லைத் தேய்ப்பதில்லை. பல ஆண்டுகளாகக் காரை மூடியிருந்த வேர்ப்பகுதி வெளியே வருவதாலும், வீங்கியிருந்த ஈறு சுருங்குவதாலும் கூசுகிறது. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தணியும். அதுவரை இந்தப் பேஸ்ட்டைப் போடலாம். கூசுகிறது என்று காரையை விட்டுவைத்தால் எலும்பு கரைந்து பல் ஆடத் தொடங்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது இன்னும் விரைவாக நடக்கும்.

நிறுத்தினா திரும்பவும் கூசுது. ஆயுசுக்கும் இதையே போடணுமா? பழகிடுச்சுன்னா?

அடிமைப்படுத்தும் பொருள் எதுவும் இதில் இல்லை. மருந்து நின்றதும் நரம்பைச் சுற்றியிருந்த பொட்டாசியம் கரைந்து போகிறது, அடைப்பும் புளிப்பாலும் தேய்மானத்தாலும் கழன்றுவிடுகிறது. அதனால் பழைய நிலை திரும்புகிறது. பொட்டாசியம் நைட்ரேட் டியூபுகள் சிலவற்றில் ‘மருத்துவர் ஆலோசனையின்றி நான்கு வாரத்துக்கு மேல் வேண்டாம்’ என்றிருப்பது, மருந்து நஞ்சு என்பதற்காக அன்று. நான்கு வாரத்தில் குறையாத கூச்சத்துக்குப் பின்னால் வேறு நோய் ஒளிந்திருக்கலாம் என்பதற்காக. மருத்துவர் பார்த்து, சொத்தையும் விரிசலும் இல்லை, ஈறு இறங்கியதுதான் என்று உறுதி செய்த பிறகு, ஆண்டுக்கணக்கில் இதையே வழக்கமான பேஸ்ட்டாக வைத்துக்கொள்ளலாம். ஃபுளோரைடும் சேர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

ரெண்டு வகையும் போட்டுப் பார்த்தாச்சு, பிரஷ்ஷும் மாத்தியாச்சு. இன்னும் கூசுது. அடுத்து என்ன?

அடுத்த படி என் கடையில் இல்லை. பல் மருத்துவர் 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷைக் கூசும் இடத்தில் பூசலாம். அதன் செறிவு 22,600 பி.பி.எம். என்பதால் அதை அவர்தான் பூச வேண்டும். ஈறோரத்தில் பள்ளம் விழுந்திருந்தால் பல்லின் நிறத்திலேயே அடைப்பார். பெரும்பாலோருக்கு அத்தோடு கூச்சம் நின்றுவிடுகிறது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் இரவில் மாட்டிக்கொள்ளும் உறை செய்து தருவார். ஈறு மிகவும் இறங்கியிருந்தால் அண்ணத்திலிருந்து திசு எடுத்து மூடும் சிறு அறுவை சிகிச்சையும் உண்டு. ஒன்றுக்கும் அடங்காத ஓரிரு பற்களுக்குத்தான் வேர் சிகிச்சை. போகும்போது இதுவரை பயன்படுத்திய டியூபுகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த உட்பொருள் கேட்கவில்லை என்று அவர் ஒரே பார்வையில் தெரிந்துகொள்வார்.